தடையா, பாரமா, வில்லங்கமா? பென்னிகுவிக் வாழ்க்கையில் ஒளிந்திருக்கும் ஆங்கிலச் சொற்கள்

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிக்குப் போகிற ரோட்டில் முல்லைப் பெரியாற்றுப் பாலம் வரும். அதைத் தாண்டினால் கல்தூண் பந்தல்களும் பன்னீர் திராட்சைத் தோட்டங்களும் ஆரம்பிக்கும். நேராகப் போனால் சுருளி அருவி. சனி, ஞாயிறுகளில் பைக்கில் போகிறவர்கள் பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள். கீழே ஓடுவது, இயற்கையாக விட்டிருந்தால் அந்தப் பக்கம் அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர். மலையைக் குடைந்து அதை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட திட்டத்தின் பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுவிக்.

கம்பம் பள்ளத்தாக்கில் இவரைப் பற்றிப் புதுசாகச் சொல்ல எதுவும் இல்லை என்று தோன்றும். டீக்கடையில் படம், பிள்ளைகளுக்குப் பெயர், தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பெயர், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம். பல தடைகளைத் தாண்டி அணை கட்டினார் என்று ஒரே வரியில் கதை முடிந்துவிடும்.

சிக்கல் அந்த ‘தடை’ என்ற ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது. ஆஃபீஸ் மெயிலில் நாம் தினமும் அடிக்கிற ஆப்ஸ்டக்கிள், ஹேண்டிகேப், டிராபேக், லயபிலிட்டி, பர்டன் எல்லாவற்றையும் தமிழில் தடை அல்லது பிரச்சனை என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு. வழியில் நிற்பது ஒன்று, காலில் கட்டியிருப்பது ஒன்று, தலையில் இருப்பது ஒன்று, கணக்கில் இருப்பது இன்னொன்று. பென்னிகுவிக்கின் கதையை இந்த வேறுபாட்டோடு படித்தால், யார் எதைச் சுமந்தார்கள் என்பது கொஞ்சம் மாறித் தெரிகிறது.

எட்டாவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால்

1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தார். அப்பா பெயரும் ஜான் பென்னிகுவிக்தான். பிரிட்டிஷ் படையில் பெரிய அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சில்லியன்வாலா என்ற இடத்தில் சீக்கியர் படையோடு நடந்த சண்டையில் அப்பா கொல்லப்பட்டார். அதே சண்டையில், அதே நாளில் அண்ணன் அலெக்சாண்டரும் இறந்தார். அண்ணனுக்கு வயசு 17. சின்ன ஜானுக்கு இன்னும் இரண்டு நாளில் எட்டு வயது முடியப் போகிற நேரம்.

இதை ஹேண்டிகேப் என்று சொல்லலாமா? அந்தச் சொல்லின் கதையே விசித்திரமானது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ‘தொப்பிக்குள் கை’ என்று ஒரு பண்டமாற்று விளையாட்டு இருந்தது. இரண்டு பேர் பொருளை மாற்றிக்கொள்வார்கள். எது எவ்வளவு மதிப்பு அதிகம் என்று நடுவர் சொல்வார். சம்மதமா இல்லையா என்பதைத் தொப்பிக்குள் கையை விட்டு எடுத்துக் காட்டுவார்கள். அங்கிருந்து சொல் குதிரைப் பந்தயத்துக்குப் போனது. பந்தயம் சமமாக இருக்க வேண்டும் என்று, நல்லா ஓடும் குதிரையின் முதுகில் கூடுதல் எடையை வைப்பார்கள். அந்த எடைதான் ஹேண்டிகேப். அதாவது அது முதலில் பலவீனமானவரின் குறையைக் குறிக்கவில்லை; பலசாலி மேல் வைக்கப்பட்ட பாரத்தைக் குறித்தது. பிற்காலத்தில்தான் உடல் குறைபாட்டைச் சொல்லப் பயன்பட்டு, மனிதர்களைக் காயப்படுத்தும் சொல்லாக மாறியது. இன்று ஒரு மனிதரை அந்தச் சொல்லால் குறிப்பிடுவது சரியில்லை. தமிழில் மாற்றுத்திறனாளி என்ற சொல் நிலைத்ததும் அதே காரணத்தால்தான்.

பழைய அர்த்தத்தில் பார்த்தால் பென்னிகுவிக்குக்கு அது பொருந்தும். அப்பா இல்லை என்பது பெரிய எடை. ஆனா அவர் ஓடிய குதிரை நல்ல குதிரை. செல்ட்டன்ஹாம் கல்லூரிப் படிப்பு, பிறகு அடிஸ்கோம்பில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய ராணுவப் பள்ளி. 1858-ல் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் லெஃப்டினன்ட். கம்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் நேரடி ஆட்சி வந்ததும் அதே வருஷம்தான். 1860-ல் இந்தியா வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எட்டு வயசுப் பையனுக்கு அப்பா செத்திருந்தால் இந்த வழியில் எதுவும் திறந்திருக்காது. இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மூட்டை முடிச்சு பார்த்த பட்டாளம்

1868-ல் அபிசீனியா போர். இன்றைய எத்தியோப்பியா. பென்னிகுவிக் அந்தப் படையெடுப்பில் இருந்தார். சண்டை என்று பார்த்தால் அது சின்னது. சாமான் தூக்கியதுதான் பெரிய கதை. கடற்கரையிலிருந்து மலை மேல் இருந்த மக்தலா கோட்டை வரை பீரங்கி, உணவு, தண்ணீர் எல்லாம் போக வேண்டும். இந்தியாவிலிருந்து யானைகளைக் கப்பலில் கொண்டுபோனார்கள். கரையில் ரயில் பாதையே போட்டார்கள்.

ஆங்கிலத்தில் இம்பெடிமென்ட் என்றால் இடையூறு. லத்தீனில் அதன் வேர், காலில் எதையோ மாட்டிச் சிக்க வைப்பது. அதன் பன்மையை ரோமானியப் படைகள் தங்கள் மூட்டை முடிச்சுகளுக்கே பெயராக வைத்திருந்தன. படைக்கு இடைஞ்சல் எதிரி மட்டுமல்ல. கூடவே இழுத்துக்கொண்டு போகும் சாமானும்தான். அது இல்லாமலும் போக முடியாது.

மலைக்குச் சாமான் ஏற்றுவது எப்படி என்பது இருபது வருஷம் கழித்துத் தேக்கடிக் காட்டில் அவர் முன்னால் மறுபடியும் வந்து நின்ற கேள்வி. அப்போது பக்கத்தில் இருந்த ரயில் நிலையம் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து மாட்டு வண்டியில் நூறு கிலோமீட்டருக்கு மேல். பிறகு மலை. மலை அடிவாரத்தில் போட்ட முகாம்தான் இன்றும் லோயர் கேம்ப் என்ற பெயரோடு இருக்கிறது. அங்கிருந்து மேலே கம்பிவட ரோப்வே. மேலே போன பிறகு படகு.

அவருக்கு முன்னால் கைவிட்டவர்கள்

பெரியாற்றைத் திருப்பலாம் என்பது பென்னிகுவிக்கின் யோசனை இல்லை. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதற்கு ஆளனுப்பிப் பார்க்கச் சொன்னார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808-ல் ஜேம்ஸ் கால்டுவெல் என்ற பொறியாளர் பார்த்துவிட்டு, இது வெறும் கனவு என்ற மாதிரி அறிக்கை கொடுத்துவிட்டார். 1850-ல் சின்ன அளவில் வேலை தொடங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் பரவும் காட்டில் வேலை செய்ய வேண்டுமென்றால் கூலியைக் கூட்டிக் கொடுங்கள் என்று ஆட்கள் கேட்க, அதுவும் நின்றுபோனது. 1860-களில் ரைவ்ஸ் என்ற அதிகாரி 62 அடி உயர மண் அணை ஒன்றைத் திட்டமிட்டார்.

டிராபேக் என்ற சொல் வரும் இடம் இது. திருப்பூர் ஏற்றுமதிக்காரர்களுக்கு இதன் பழைய அர்த்தம் தெரியும்: கட்டிய வரியை ஏற்றுமதி செய்யும்போது திருப்பி எடுத்துக்கொள்வது, டியூட்டி டிராபேக். முழுத் தொகையிலிருந்து ஒரு பகுதி பின்னால் போவது. அதிலிருந்துதான் நல்ல விஷயத்தில் இருக்கும் குறை என்ற அர்த்தமும் வந்தது. உயரம் குறைந்த அணை மலிவு. ஆனா நீர்மட்டம் தாழ்வாக நின்றால், அதை இந்தப் பக்கம் கொண்டுவர மலையை அவ்வளவு ஆழமாக வெட்ட வேண்டும். ஒன்றில் மிச்சம் பிடித்ததை இன்னொன்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் இந்த விவாதங்களை எல்லாம் வேறு இடத்துக்குத் தள்ளியது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். மதுரைச் சீமையும் தப்பவில்லை. வைகை வறண்டு கிடக்க, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆறு முழுசாக ஓடிக் கடலில் விழுகிறது என்பதை இனியும் ஃபைலில் வைத்திருக்க முடியவில்லை. 1882-ல் புதுத் திட்டம் தயாரிக்கும் வேலை பென்னிகுவிக்கிடம் வந்தது. மண் அணை வேண்டாம், ஆற்றுப் படுகையிலிருந்து 155 அடி உயரத்தில் கல், சுண்ணாம்பு, சுர்க்கிக் கலவையில் அணை. தண்ணீருக்கு மலைக்குள் சுரங்கம். 1884-ல் ஒப்புதல் கிடைத்தது.

999 வருஷ வில்லங்கம்

வீட்டுக் கடன் வாங்கியவர்களுக்கு ஈ.சி. என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. என்கம்பரன்ஸ் சர்ட்டிஃபிகேட், வில்லங்கச் சான்று. நிலத்தின் மேல் வேறு யாருக்காவது உரிமையோ பாத்தியமோ இருக்கிறதா என்று காட்டும் காகிதம். என்கம்பரன்ஸ் ஆளோடு ஒட்டுவதில்லை; நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் விற்றாலும் வாங்கியவர் தலையில் அது இருக்கும். இந்தச் சொல்லின் வேரைத் தேடிப் போனால், பழைய பிரெஞ்சு மொழியில் ஆற்றுக்குக் குறுக்கே போட்ட தடுப்பில் போய் நிற்கிறது. வில்லங்கம் என்பது முதலில் ஓர் அணை! (கம்பம் ஊர்ப் பெயருக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காதில் மட்டும் ஒத்துப்போகிறது.)

அணை கட்ட வேண்டிய இடம் சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுத்தது. சமஸ்தானத்துக்கு விருப்பம் இல்லை. ஆனா எதிரில் இருந்தது பிரிட்டிஷ் அரசு. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தானது. திருவிதாங்கூர் சார்பில் திவான் வி.ராமய்யங்கார். சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷக் குத்தகை. கணக்குப் போட்டால் குத்தகை முடிவது 29-ஆம் நூற்றாண்டில். 1970-ல் தமிழ்நாடும் கேரளாவும் புது ஒப்பந்தம் போட்டு ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தின. ஆனா நிலம் ஒருவருடையது, அனுபவம் இன்னொருவருடையது என்ற அமைப்பு மாறவில்லை.

பென்னிகுவிக் ஒப்பந்தம் போட்டவர் இல்லை. அவர் பொறியாளர். ஆனா அவருடைய வரைபடத்துக்கு இடம் கொடுத்தது இந்த வில்லங்கம்தான். கேரளத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது அது இங்கிருந்துதான் தொடங்குகிறது. கம்பத்தில் சொல்லும்போது பெரும்பாலும் இந்த அத்தியாயமே வராது.

வழியில் நின்ற ஆறு

1887-ல் வேலை ஆரம்பம். ஆப்ஸ்டக்கிள் என்றால் எதிரில் வந்து நிற்பது. அங்கே எதிரில் நின்றது ஆறேதான். அணை எழும்ப வேண்டுமென்றால் அடித்தளம் காய்ந்திருக்க வேண்டும். அதற்கு ஆற்றை ஒதுக்கிவிடும் தற்காலிக அணை வேண்டும். அதைக் கட்டுவார்கள், வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகும். மறுபடி கட்டுவார்கள், மறுபடி போகும். இந்த வேலையில் ராணுவத்தின் பயனியர் படையினரும் கொச்சியிலிருந்து வந்த போர்ச்சுகீசியத் தச்சர்களும் இருந்தார்கள். சுற்றிலும் யானை நடமாடும் காடு.

சுரங்கப் பக்கம் வேறு மாதிரியான போராட்டம். சுமார் 1.7 கிலோமீட்டர் பாறையைத் துளைத்து வெடி வைக்க வேண்டும். வெடி வைக்கிற தொழிலில் பர்டன் என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது. வெடிக்குழிக்கும் பாறையின் வெளிமுகத்துக்கும் நடுவில் உள்ள கனம் அது. அந்தக் கணக்கு கொஞ்சம் கூடினால் பாறை உடையாது. குறைந்தால் கல் சிதறி ஆளைக் கொல்லும். பாரம் என்ற சாதாரணச் சொல்லே அங்கே அளந்து பார்க்க வேண்டிய எண்.

ஆனா உண்மையான பாரம் வெடியும் வெள்ளமும் இல்லை, காய்ச்சல். கட்டுமானக் காலத்தில் நோயால் இறந்தவர்கள் என்று பதிவானவர்கள் மட்டும் 483 பேர். அணைக்கு அருகிலேயே அவர்களுக்கு இடுகாடு இருக்கிறது. மலேரியாவை மனிதருக்குக் கொண்டுவருவது கொசு என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். அணை திறந்து இரண்டு வருஷம் கழித்து. காட்டின் கெட்ட காற்றுதான் காரணம் என்று நம்பிய காலத்தில், எதற்குப் பயப்பட வேண்டும் என்றே தெரியாமல் அந்த முகாமில் ஆட்கள் தூங்கினார்கள். கொசுவலையின் அருமை தெரிந்திருந்தால் அந்த எண் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

பர்டன் என்ற சொல் ‘சுமப்பது’ என்ற வினையிலிருந்து வந்தது. அதைச் சுமக்க ஒரு ஆள் வேண்டும். 1850-ல் கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்திய தொழிலாளிகளை அதிகாரிகள் தடையாகப் பார்த்தார்கள். முப்பத்தேழு வருஷம் கழித்து வந்தவர்கள் அதே காய்ச்சலைச் சுமந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம்தான் என்பதை அந்த இடுகாடே சொல்கிறது.

நகை விற்ற கதை

இப்போது எல்லோரும் எதிர்பார்க்கும் இடம். அணை அடித்துக்கொண்டு போனதும் அரசு பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் மனைவியின் நகையையும் இங்கிலாந்தில் இருந்த சொத்தையும் விற்றுச் சொந்தக் காசில் அணையைக் கட்டி முடித்தார். பள்ளிக்கூட மேடையிலிருந்து வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை இந்தக் கதை ஓடுகிறது.

இதற்கு ஆவணச் சான்று எதுவும் வெளிவந்ததில்லை. கையிருக்கும் பதிவுகள் சொல்வது, செலவு சென்னை மாகாண அரசுடையது என்பதைத்தான். கணக்கைப் பார்த்தாலே புரியும். திட்டத்துக்கு அந்தக் காலத்துப் பணத்தில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல் ஆனது. சம்பளம் வாங்கும் ஒரு ராணுவப் பொறியாளரின் வீட்டையும் நகையையும் விற்று அடைக்கக்கூடிய பள்ளம் இல்லை அது. 1879-ல் அவர் கிரேஸ் ஜார்ஜியானா சாமியரைக் கல்யாணம் செய்திருந்தார். ஐந்து பெண்கள், ஒரு பையன் என்று பெரிய குடும்பம். அந்தக் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததாகவும் தெரியவில்லை. திட்டம் முடிந்த பிறகும் பதவி, பட்டம் என்று கௌரவமாகவே வாழ்ந்தார்.

லயபிலிட்டி, பர்டன் இரண்டும் இங்கேதான் குழம்புகின்றன. லயபிலிட்டியின் வேர் ‘கட்டுவது’. கயிறு போட்டுக் கட்டிவைப்பது. பேலன்ஸ் ஷீட்டில் வலது பக்கமோ இடது பக்கமோ, யார் பதில் சொல்லக் கடமைப்பட்டவரோ அவர் பெயரில் நிற்கும். பெரியாறு திட்டத்தின் நிதிப் பொறுப்பு அரசின் பெயரில் இருந்தது. பஞ்சத்தில் மக்களைச் சாகவிட்ட அரசு, வரி வாங்கிய அரசு, அந்தச் செலவைச் செய்யக் கடமைப்பட்டதுதான். அந்தச் செலவைத் தனிமனிதரின் தியாகமாக மாற்றும்போது கதை உருக்கமாகிறது. ஆனா அரசின் கடமை கணக்கிலிருந்து மெதுவாக அழிந்துவிடுகிறது. 483 பேரும் கூடவே மறைகிறார்கள்.

பென்னிகுவிக்குக்கு இதனால் மதிப்புக் குறையுமா? குறையாது. அவர் செய்ததை நிரூபிக்க நகை தேவையில்லை. எண்பது வருஷத்துக்கு மேல் பலர் பார்த்துக் கைவிட்ட திட்டத்தைக் கணக்கால் சாத்தியமாக்கி, எட்டு வருஷம் வெள்ளத்தோடு மல்லுக்கட்டி முடித்தார். அது போதும்.

எடைதான் பலம்

1895 அக்டோபர் 10-ல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு திட்டத்தைத் திறந்துவைத்தார். பென்னிகுவிக்குக்கு அதே வருஷம் சி.எஸ்.ஐ. பட்டம்.

டீமில் வேலை செய்யாத ஆளை டெட் வெயிட் என்று சொல்கிறோம். அணைப் பொறியியலில் அந்தச் சொல்லுக்கு நேர் எதிரான மரியாதை. பெரியாறு அணை ஒரு கிராவிட்டி அணை. சுமார் 1,200 அடி நீளம். பின்னால் தேங்கிய தண்ணீர் அதை நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டே இருக்கும். அது நகராமல் நிற்பதற்குக் காரணம் அதன் சொந்த எடை, அந்த எடை பாறையில் உட்கார்ந்திருக்கும் விதம். கனத்தைக் குறைத்தால் அணை இல்லை. 1979-க்குப் பிறகு பலப்படுத்தும் வேலை நடந்தபோதும் செய்தவற்றில் முக்கியமானது எடை சேர்ப்பதுதான்: உச்சியில் கான்கிரீட் தொப்பி, பின்பக்கம் கான்கிரீட் அணைப்பு. கூடவே இரும்பு வடங்களைப் பாறை வரை இறக்கி நங்கூரம் போட்டார்கள்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொந்தச் சொல் இருக்கிறது: முட்டுக்கட்டை. மீட்டிங்கில் ஒருவர் முட்டுக்கட்டை போடுகிறார் என்றால் கெட்ட அர்த்தம். ஆனா பாரம் ஏற்றி மலைச்சரிவில் நிற்கும் வண்டியின் சக்கரத்துக்குக் கீழே அதே கட்டையை வைக்காவிட்டால் வண்டியும் மாடும் பள்ளத்தில் கிடக்கும்.

1896-ல் ஓய்வு. இங்கிலாந்து திரும்பி, இந்தியாவுக்குப் பொறியாளர்களைத் தயார்செய்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராக மூன்று வருஷம் இருந்தார். 1897-ல் பெரியாற்றைத் திருப்பிய கதையைப் பொறியாளர் சங்கத்துக்கு ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். 1893 வெள்ளத்தில் நாசமான பிரிஸ்பேன் நகரத்துக்கு ஆலோசனை சொல்ல ஆஸ்திரேலியா போனார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் இறந்தார். வயசு 70. அருகில் ஃப்ரிம்லி தேவாலயத்தில் கல்லறை. கேம்பர்லியில் 2022-ல் தமிழ்நாடு அரசு அவருக்குச் சிலை வைத்தது.

ஒருவர் சொத்து, இன்னொருவர் பயம்

அவர் இறந்த பிறகும் இந்தச் சொற்கள் சும்மா இருக்கவில்லை. 1979-ல் குஜராத்தில் மோர்பி அணை உடைந்து பெரிய உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அதே வருஷம் முல்லைப் பெரியாறு பற்றிய அச்சமும் கேரளத்தில் வலுத்தது. நீர்மட்டத்தை 152 அடியிலிருந்து 136 அடிக்கு இறக்கினார்கள். வழக்கு, சட்டத்திருத்தம், மறுபடி வழக்கு என்று போய், 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதித்தது. அந்த நவம்பரில் தண்ணீர் அந்த அளவைத் தொட்டது.

கம்பம் விவசாயிக்கு அந்த ஆறு அடி, இரண்டாம் போகம் விளையுமா விளையாதா என்ற கேள்வி. வண்டிப்பெரியாறில் ஆற்றங்கரையில் வீடு வைத்திருப்பவருக்கு மழை இரவில் தூக்கம் வருமா என்ற கேள்வி. ஒருவருக்கு அசெட்டாக இருப்பது இன்னொருவர் வரவு செலவில் லயபிலிட்டி. அணை உறுதியாக இருக்கிறது என்று நிபுணர் குழு சொன்னதும், தீர்ப்பு வந்ததும் பதிவில் இருக்கின்றன. ஆனா தூங்காத மனிதரைத் தடை என்று பேர் வைத்துத் தள்ளிவிட முடியாது. 1850-ல் கூலி கேட்டவர்களை அப்படித் தள்ளியதன் விலை என்ன என்று மேலே பார்த்தோம்.

இந்தப் பக்கம் தண்ணீர் செய்வது கண்ணுக்குத் தெரிகிறது. தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக வந்து, மின்சாரம் எடுத்த பிறகு லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் வழியாகப் போய் வைகையில் கலக்கிறது. பள்ளத்தாக்கில் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நெல். அதைத் தாண்டி மதுரை, மேலூர் என்று நீண்டு சிவகங்கை, ராமநாதபுரம் வரை. திராட்சைக்கு நேராக வாய்க்கால் பாயாத இடத்திலும், ஆறு ஓடினால் கிணறு ஊறும். வருஷம் முழுக்க மாறி மாறி அறுவடை வரும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஜனவரி 15 பெரும்பாலும் பொங்கலோடு ஒட்டியே வரும். பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அன்று பென்னிகுவிக் பெயரில் பொங்கல் வைப்பார்கள். ஜூன் முதல் வாரம், அணையில் தண்ணீர் போதுமான அளவு இருந்தால், தேக்கடியில் மதகைத் திறந்து பூத்தூவுவார்கள். அதற்கு முன்னாலேயே சிலர் கிணற்றுத் தண்ணீரை நம்பி நாற்றங்கால் போட்டிருப்பார்கள். மற்றவர்கள் ஆறு சுருளிப்பட்டி ரோட்டுப் பாலத்தை எட்டுகிற வரை விதையைத் தொட மாட்டார்கள்.